பழைய கைப்பேசிக்குப் புது நிர்வாகம்

உங்கள் வீட்டு அலமாரியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். கல்யாணப் பத்திரிகைகளுக்கும் மின்கட்டண ரசீதுகளுக்கும் அடியில் ஒரு பழைய கைப்பேசி கிடக்கும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளையின் பாடத்துக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கியதாக இருக்கலாம். இன்று தட்டினால் திரை ஒளிர்கிறது, விரலுக்கு அசைகிறது. ஆனால் வங்கிச் செயலி திறக்க மறுக்கிறது. கடையில் கேட்டால், “தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க டீச்சர்” என்கிறார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

உண்மையில் கெட்டுப்போனது எது? கண்ணாடியும் இல்லை, உள்ளே இருக்கும் சில்லும் இல்லை. செய்து விற்ற நிறுவனம் புதுப்பிப்புகளை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். சில ஆண்டுகளுக்கு முன்வரை பல கைப்பேசிகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள்தான் அந்தக் கவனிப்பு. 2023 முதல்தான் ஓரிரு பெரிய நிறுவனங்கள், அதுவும் விலை உயர்ந்த ரகங்களுக்கு, ஏழாண்டு வாக்குறுதி தந்தன.

இங்கே ஒரு சங்கதியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2008-இல் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி தொடங்கி இன்றுவரை, அவற்றின் உட்கருவாக இருப்பது லினக்ஸ். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது அது. அதன் உரிமத்தின்படி, உட்கருவைத் திருத்தி விற்கிற நிறுவனம் அந்தத் திருத்தத்தின் மூலத்தையும் கொடுத்தாக வேண்டும். அந்த ஒரு நிபந்தனைதான் நமக்குத் திறந்திருக்கும் கதவு. ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு வேறொரு லினக்ஸ் இயங்குதளத்தை அதே கைப்பேசியில் குடியேற்றலாம்.

கேட்க எளிது. செய்யும்போதுதான் தெரியும்.

தோட்டம் கைமாறுவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? புது நிர்வாகம் வந்ததும் பழைய மண்டோர்கள் எல்லாரும் போய்விட்டால் என்ன ஆகும்? எந்த நிரையில் யார் வெட்டுவது, எந்த ஓடை மழைக்குப் பெருகும் என்று சொல்ல ஆளில்லை. கைப்பேசியிலும் அதே கதை. திரை, கேமரா, சிம் பகுதி ஒவ்வொன்றும் தன் மண்டோர் சொன்னால்தான் வேலை செய்யும். அந்த மண்டோருக்கு டிரைவர் என்று பெயர். மேசைக் கணினியில் பல பாகங்கள் ‘நான் இன்னார்’ என்று தாமே பேர் கொடுக்கும். கைப்பேசியில் பெரும்பாலானவை வாய் திறக்காது. எது எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம் எழுதித் தரவேண்டும். ‘டிவைஸ் ட்ரீ’ என்பது அதுதான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. உபுண்டு டச் பழைய மண்டோர்களைப் போகவிடாமல் பின்கட்டில் வைத்து வேலை வாங்குகிறது. பல கைப்பேசிகளில் ஆண்ட்ராய்டின் உட்கருவும் டிரைவர்களும் உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். 2013-இல் அதை அறிவித்த கனோனிக்கல் நிறுவனம் 2017-இல் கைவிட்டது. யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வலர் குழு எடுத்து வளர்த்தது. அதே 2017-இல் பிறந்த போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் வேறு ரகம். ஒரு கைப்பேசி பத்தாண்டு உழைக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள். முடிந்தவரை எல்லாருக்கும் பொதுவான புதிய லினக்ஸ் உட்கருவையே அது ஓட்டப் பார்க்கிறது. 2018-இல் வந்த ஒன்பிளஸ் 6 போன்ற சிலவற்றில் இது நன்றாகவே கைகூடியது. எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்தது. சிரமம் அதிகம், ஆனால் பழைய பாக்கி இல்லை.

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தம்பி மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். இரண்டு பேரும் உட்கார்ந்தோம். முதல் வேலை பூட்லோடரைத் திறப்பது. அது வாசலில் நிற்கும் ஜாகா மாதிரி, தன் முதலாளி அனுப்பியவரைத் தவிர யாரையும் உள்ளே விடாது. சில நிறுவனங்கள் திறக்கவே விடுவதில்லை. வேறு சில, விண்ணப்பம் போட்டு நாள்கணக்கில் காத்திருக்கச் சொல்லும். திறக்கும்போது கைப்பேசியில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். திரையில் எச்சரிக்கை வந்தது. “அத்தை, எல்லாம் காப்பி எடுத்தாச்சா?” என்று கேட்டான். எடுத்தாயிற்று என்று பொத்தானை அழுத்தினேன்.

எடுத்தது பள்ளிப் படங்களை மட்டும். லயத்து வாசலில் காண்டாக் கம்போடு என் அப்பா நின்ற படம் வேறொரு கோப்பில் இருந்தது. வேறு பிரதி இல்லை. தயவுசெய்து நீங்கள் இரண்டு முறை பாருங்கள்.

பிறகு மடிக்கணினியில் புது இயங்குதளத்தைக் கட்டி, யுஎஸ்பி கம்பி வழியே ஏற்றினோம். திரை கறுப்பாகவே இருந்தது. நான் செத்தது என்றே நினைத்தேன். அவனோ மடிக்கணினியைக் காட்டினான். கம்பி வழியே ஒரு புதுத் தொடர்பு தோன்றியிருந்தது. உள்ளே உயிர் இருக்கிறது, முகம் காட்டத்தான் தெரியவில்லை என்றான். வரைபடத்தில் திரைக்குரிய வரியைத் திருத்தித் திருத்தி, மூன்றாம் நாள் இரவு முகப்பு தெரிந்தது. தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துருவைச் சேர்த்ததும் ‘அ’ தெரிந்தது.

ஒரேயொரு கைப்பேசி வைத்திருப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம். வாட்ஸ்அப்பும் வங்கிச் செயலியும் ஆண்ட்ராய்டுக்கென எழுதப்பட்டவை. உள்ளே ஒரு தனி ஆண்ட்ராய்டு அறை அமைத்து ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் வங்கிகள் அதையும் பெரும்பாலும் ஏற்பதில்லை. அழைப்பும் நிச்சயமில்லை. நம் நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நின்றபின் பேச்சு பெரும்பாலும் 4ஜி வழியே போகிறது. அந்த வழி மாற்று இயங்குதளங்கள் பலவற்றில் இன்னும் சரியாக அமையவில்லை. மின்கலம் உப்பியிருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், மின்னூட்டாமல் மின்கழிவு சேகரிப்பிடத்தில் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் கைப்பேசி இப்போது வகுப்பறை மேசையில் இருக்கிறது. வைஃபை வேலை செய்கிறது, கதைப் புத்தகங்களைத் திறக்கிறது. நான்காம் ஆண்டுப் பையன்கள் முறை வைத்துப் படிக்கிறார்கள். கேமராவின் மண்டோர் மட்டும் இன்னும் வரவில்லை. அடுத்த விடுமுறைக்கு வந்து பார்ப்பதாகத் தம்பி மகன் சொல்லியிருக்கிறான்.