மூல நோய் ரண சிகிச்சைக்குப் பின் மலங்கழிக்கும் முறை

புனே நகரின் ஏரவாடாப் பகுதியில் உள்ள ஆகாகான் மாளிகையில் 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் 1944-ஆம் ஆண்டு மே மாதம் வரை மகாத்மா காந்தி காவலில் வைக்கப்பட்டிருந்தார். அங்கே 1942-ஆம் ஆண்டில் உடல் நலத்தைப் பற்றிக் குஜராத்தி மொழியில் ஒரு சிறு நூலை அவர் எழுதினார். உடன் காவலிலிருந்த டாக்டர் சுசீலா நய்யார் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அரைத்த மாவைச் சலிக்கலாகாது என்றும், சலிப்பதனால் நீங்கிவிடும் தவிட்டில் உப்புக்களும் வைட்டமின்களும் இருப்பதோடு, குடல் நன்கு இயங்குவதற்கும் அது துணைபுரிகிறது என்றும் அந்நூலின் உணவுப் பகுதி கூறுகிறது.

குடல் இயக்கத்தின் அருமையை அவர் தம் உடலிலேயே உணர்ந்திருந்தார். 1918-ஆம் ஆண்டில் நடியாதில் அவரைக் கடுமையான சீதபேதி பற்றிற்று. அதன் விளைவாக ஆசனவாய் புண்பட்டு வெடிப்புக்கள் தோன்றின. மலங்கழிக்கையில் பொறுக்கவொண்ணாத வலி உண்டாயிற்று என்றும், உண்பதை நினைத்தாலே அச்சமாயிருந்தது என்றும் சுயசரிதையில் அவர் எழுதியுள்ளார். பின்னர் 1919-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டாக்டர் தலால் ரண சிகிச்சை செய்து அவரைக் குணப்படுத்தினார்.

ஆசனவாய் வெடிப்பும் மூலமும் வெவ்வேறு நோய்கள். எனினும், வலிக்கு அஞ்சி உணவையே வெறுக்கும் நிலை, மூலத்திற்கு ரண சிகிச்சை செய்துகொண்டவர் பலருக்கும் நேர்வதாகும். குணமடைவதற்குப் பெருந்தடையாக நிற்பதும் இவ்வச்சமே.

வலியின் காரணம்

ஆசனவாயின் உட்புறத்தில் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசுக்கள் இயற்கையாகவே அமைந்துள்ளன. அவை பருத்துக் கீழிறங்குவதே மூலம். 1937-ஆம் ஆண்டில் லண்டனில் மில்லிகன், மார்கன் முதலிய மருத்துவர்கள் விவரித்த முறைப்படி, பருத்த பகுதிகளை அறுத்து நீக்கியபின் புண் தைக்கப்படாமல் தானே ஆறும்படி விடப்படுகிறது. இம்முறை இன்றும் கையாளப்படுகிறது. புண் முற்றிலும் ஆறுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும்.

ஆசனவாயின் மேற்பகுதியில் வலியுணர்வு மிகக் குறைவு. கீழ்ப்பகுதியிலோ விரல் நுனிக்கு ஒப்பான கூரிய உணர்ச்சி உண்டு. அறுவையின் புண் இக்கீழ்ப்பகுதியையும் தொடுகிறது. இறுகிய மலம் அதனை உராயும்போது, ஆசனவாயைச் சூழ்ந்த சுருக்குத் தசை துடித்து இறுகுகிறது, வலியும் மிகுகிறது.

இதற்கு அஞ்சி நோயாளி மலத்தை அடக்குவாராயின், அது பெருங்குடலில் தங்கிவிடுகிறது. நாள்தோறும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் பெருங்குடலை அடைகிறது. அதில் சிறு பகுதி தவிர மற்றதெல்லாம் இரத்தத்தில் உறிஞ்சப்படுகிறது. மலம் தங்கத் தங்க அதிலுள்ள நீர் மேலும் குறைந்து, அது கல்போல் இறுகுகிறது. ஆகவே, இன்று வலியைத் தவிர்க்க எண்ணி அடக்கியவர், நாளை இருமடங்கு வலியைத் தேடிக்கொள்கிறார். உணவைக் குறைப்பதும் பயன் தராது; மலத்தின் அளவு சிறுத்தால் குடலின் தூண்டுதலும் தளர்ந்துவிடும்.

உணவும் நீரும்

மலத்தை மிருதுவாக வைத்திருப்பதே இச்சுழலை அறுக்கும் வழி. இதற்கு நார்ப்பொருளும் நீரும் ஒருங்கே வேண்டும். நார்ப்பொருள் ஜீரணமாகாமல் பெருங்குடலை அடைந்து, நீரைத் தன்பால் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் முழுக் கோதுமை மாவில் சுமார் 11 கிராம் நார்ப்பொருள் உள்ளது. அதே அளவு மைதாவில் 3 கிராமுக்கும் குறைவே. தவிட்டை நீக்கலாகாது என்பதன் உண்மை இவ்வெண்களால் விளங்கும்.

கேழ்வரகு, கம்பு, கைக்குத்தல் அரிசி, தோலுடன் கூடிய பயறு வகைகள், கீரைகள், அவரை, கொய்யா, அத்தி ஆகியவை ஏற்றவை. ஒரே நாளில் மிகுதியாக உண்டால் வயிறு உப்பும். ஆதலால் சிறிது சிறிதாகக் கூட்டுதல் நலம். காரம் மிகுந்த உணவு சிலருக்கு எரிச்சலை உண்டாக்கும். மதுவை விலக்க வேண்டும்.

குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பயிராகும் இசப்கோல் விதையின் உமி, நீரில் ஊறிக் கூழ்போலப் பருப்பது. இதனை ஒரு பெரிய குவளை நீருடன் அருந்த வேண்டும். நீரின்றி உட்கொண்டால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளக்கூடும். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் அவசியம்.

அபின் இனத்தைச் சேர்ந்த வலி மருந்துகளும் இரும்புச்சத்து மாத்திரைகளும் மலச்சிக்கலை உண்டாக்கும். இதற்காக வலி மருந்தைத் தாமே நிறுத்துவது தவறு. வலி தணிந்தாலன்றி மலங்கழிக்கத் துணிவு பிறவாது. மருத்துவர் குறித்துக் கொடுக்கும் மலமிளக்கியைச் சேர்த்து உட்கொள்வதே முறை. எனிமாவைத் தாமே பயன்படுத்தலாகாது.

பழக்கம்

பொதுவாக இரண்டு, மூன்று நாட்களுக்குள் முதல் முறை மலம் கழியும். அப்போது சிறிது இரத்தம் காண்பது இயல்பே. வயிற்றில் உணவு சேர்ந்ததும் பெருங்குடல் அசைவது இயற்கை. ஆகவே காலை உணவுக்குப் பின் சற்று நேரத்தில் செல்வது ஏற்றது. உணர்ச்சி தோன்றியதும் காலந்தாழ்த்தலாகாது. உணர்ச்சி இல்லாதபோது முக்குவதும், பத்து நிமிஷத்திற்கு மேல் உட்கார்ந்திருப்பதும் புண்ணுக்குக் கேடு.

குந்தி உட்காரும்போது மலக்குடலின் வளைவு நிமிர்ந்து வழி எளிதாகிறது. நாற்காலி போன்ற கழிகலத்தைப் பயன்படுத்துவோர் பாதங்களின் கீழ்ச் சிறு பலகையை வைத்து முழங்கால்களை உயர்த்திக்கொள்ளலாம். பின்னர் நீரால் மெல்லக் கழுவி, அகன்ற தொட்டியில் வெதுவெதுப்பான நீர் நிரப்பிப் பத்து முதல் பதினைந்து நிமிஷம் அமர்ந்தால் தசையின் இறுக்கம் தளரும். நாளொன்றுக்கு இரண்டு, மூன்று முறை இவ்வாறு செய்யலாம்.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

இரத்தம் நில்லாமல் ஒழுகுதல், கட்டியாக வெளிப்படுதல், காய்ச்சல், சிறுநீர் பிரியாமை, நாளுக்கு நாள் மிகும் வலி, மூன்று நாட்களுக்கு மேல் மலம் கழியாமை ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பின் ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் கழித்தும் இரத்தப்போக்கு நேரக்கூடும். வலி குறைந்துவிட்டது என்று அதனை அலட்சியம் செய்யலாகாது.

ரண சிகிச்சை பருத்த திசுக்களை மட்டுமே நீக்குகிறது, மலச்சிக்கலை நீக்குவதில்லை. புண் ஆறிய பின்னும் இவ்வுணவையும் பழக்கத்தையும் விடாது பின்பற்றுவோருக்கு மூலம் மீண்டும் தலைகாட்டும் வாய்ப்புக் குறைவு.