‘ஷரியா’ என்ற பெயர் மட்டும் போதுமா? இ.டி.எஃப். வாங்குமுன் மூட்டைக்குள் கை விட்டுப் பாருங்கள்

கடந்த மிளகுப் பருவத்தில் ஒரு நிகாஹ் விஷயமாக ராசிபுரம் சென்றிருந்தேன். கொல்லிமலையில் மிளகும் காப்பியும் வாங்கி, கீழே கொண்டுவந்து விற்கும் அன்பர் ஒருவர் அங்கே அறிமுகமானார். “ஹஜ்ரத், ஒரு நாள் மேலே வாங்க, பேச வேண்டியது இருக்கு” என்றார். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு செம்மேடு போய்ச் சேர்ந்தேன்.

அவர் கேட்டது இதுதான். பருவம் முடிந்ததும் கையில் கொஞ்சம் பணம் மிஞ்சுகிறது. வங்கியில் கிடந்தால் வட்டி சேருகிறது, அதை எடுத்து வெளியே கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நகை வாங்கினால் செய்கூலி, சேதாரம். சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் மைத்துனர், “இ.டி.எஃப். வாங்குங்க மச்சான், ஷரியா இ.டி.எஃப்.னே ஒண்ணு இருக்கு” என்கிறார். வாங்கலாமா, கூடாதா?

இதே கேள்வி இப்போது பல மஹல்லாக்களில் வருகிறது. நான் செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் அல்ல. எதில் எவ்வளவு போட வேண்டும் என்று சொல்வதும் என் வேலை அல்ல. மதரஸாவில் படித்த முஆமலாத் பாடத்தையும், பிறகு தேடிப் படித்ததையும் வைத்து, வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

எக்ஸ்சேஞ்ச் டிரேடட் ஃபண்ட் என்பது பல நிறுவனங்களின் பங்குகளை ஒரே மூட்டையாகக் கட்டி, அந்த மூட்டையின் சிறு சிறு கூறுகளைப் பங்குச் சந்தையில் விற்பது. ஒரு யூனிட் வாங்கினால் மூட்டைக்குள் இருக்கும் எல்லா நிறுவனங்களிலும் நமக்கு ஒரு துளி பங்கு கிடைக்கிறது. இந்தியாவில் முதலில் வந்தது 2001 டிசம்பரில் பெஞ்ச்மார்க் நிறுவனம் தொடங்கிய நிஃப்டி பீஸ். அதே நிறுவனம் 2009-இல் ஷரியா பீஸைக் கொண்டுவந்தது. கோல்டுமேன் சாக்ஸ், ரிலையன்ஸ் என்று கை மாறி, 2019 முதல் அது நிப்பான் இந்தியா பெயரில் நடக்கிறது. மலேசியாவில் 2008-லேயே இப்படி ஒன்று வந்துவிட்டது. அமெரிக்கச் சந்தையிலும் 2019 முதல் ஷரீஅத் வடிகட்டலோடு இ.டி.எஃப்.கள் இருக்கின்றன.

அன்பரின் கடையில் ஒரு காட்சி. தோட்டக்காரர் ஒருவர் மிளகு மூட்டையை இறக்கினார். நம்மவர் மேலாக இருந்ததைப் பார்க்கவே இல்லை. முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து ஊதினார். காம்பும் பொக்கும் எவ்வளவு என்று பார்த்தார். பிறகு ஒரு லிட்டர் அளந்து எடை போட்டார். “இதையே இ.டி.எஃப்.புக்கும் செய்யுங்க பாய், பாதி கேள்விக்குப் பதில் கிடைச்சுடும்” என்றேன்.

முதலில் நிஃப்டி 50 மூட்டையைத் திறந்து பார்ப்போம். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வங்கி, நிதி நிறுவனங்கள். ஹெச்.டி.எஃப்.சி. வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, ஸ்டேட் வங்கி எல்லாம் அங்கே உண்டு. சிகரெட் விற்கும் ஐ.டி.சி.யும் உண்டு. “நான் வங்கிப் பங்கு வாங்கவில்லை, நிஃப்டிதான் வாங்கினேன்” என்று சொல்ல முடியாது. பேங்க் பீஸ் என்றால் பெயரிலேயே விஷயம் தெரிந்துவிடும். லிக்விட் பீஸும் பாரத் பாண்டும் முழுக்க வட்டிக் கடன் பத்திரங்கள்தாம். ‘ஈ.எஸ்.ஜி.’ என்று சுற்றுச்சூழல், நல்லாட்சி பேசும் இ.டி.எஃப்.கள் நல்ல பெயரோடு வருகின்றன. அவற்றிலும் வங்கிகள் இருக்கின்றன.

இனி ஷரியா பீஸ். இது நிஃப்டி 50 ஷரியா குறியீட்டைப் பின்பற்றுகிறது. முதல் வடிகட்டல் தொழிலைப் பார்ப்பது. வங்கி, காப்பீடு, மது, புகையிலை, சூதாட்டம், பன்றி இறைச்சி போன்றவை விலகும். இரண்டாவது வடிகட்டல் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பது. நிறுவனத்தின் வட்டிக் கடன் மொத்தச் சொத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வட்டி வருமானம் மொத்த வருமானத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வரவேண்டிய பாக்கியும் ரொக்கமும் சேர்ந்து மொத்தச் சொத்தில் 90 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கடைசி நிபந்தனை பலருக்குப் புதிராக இருக்கும். ஒரு நிறுவனத்தின் சொத்து முழுக்கப் பணமும் பாக்கியுமாகவே இருந்தால், அதன் பங்கை ஏற்ற இறக்க விலையில் விற்பது பணத்துக்குப் பணத்தை விற்பதைப் போல ஆகிவிடும். அதனால்தான் அந்த வரம்பு.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 3 விழுக்காடு வட்டி வருமானம் இருக்கலாம் என்பது எல்லா உலமாக்களும் ஒத்துக்கொண்ட விஷயம் அல்ல. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992-இல் எடுத்த தீர்மானம், அடிப்படைத் தொழில் ஹலாலாக இருந்தாலும் இடையிடையே வட்டியில் ஈடுபடும் நிறுவனத்தின் பங்கை வாங்குவது மூலத்தில் ஹராம் என்கிறது. முஃப்தி தகீ உஸ்மானி போன்றோர் நிபந்தனைகளோடு அனுமதிக்கிறார்கள். தொழில் ஹலாலாக இருக்க வேண்டும், வட்டியைப் பங்குதாரர் ஆட்சேபிக்க வேண்டும், கலந்து வந்த வட்டியைக் கணக்கிட்டு அகற்ற வேண்டும் என்பவை அவற்றில் சில. பஹ்ரைனிலுள்ள ஆயோஃபி அமைப்பின் தர விதியும் இந்த வழியில்தான் போகிறது. அதன் வருமான வரம்பு 5 விழுக்காடு. பேணுதல் கருதி முதல் கருத்தை எடுத்து ஒதுங்கிக்கொள்பவரை ‘உலகம் தெரியாதவர்’ என்று கேலி செய்ய வேண்டாம். இரண்டாவது கருத்தை எடுப்பவர் நிபந்தனைகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டு சுத்திகரிப்பை விட்டுவிடுவதுதான் நம்மிடையே அதிகம் நடக்கிறது.

அந்தச் சுத்திகரிப்பில் ஒரு கணக்குப் பிசகும் உண்டு. “3 விழுக்காடுதானே வரம்பு, டிவிடெண்டில் 3 விழுக்காடு கொடுத்தால் போதும்” என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் மொத்த வருமானம் 100 ரூபாய், அதில் வட்டி 3 ரூபாய், செலவெல்லாம் போக லாபம் 15 ரூபாய் என்று வையுங்கள். வட்டிக்குப் பெரிய செலவு கிடையாது, அது அப்படியே லாபத்தில் போய் உட்காரும். அப்படியானால் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு வட்டி. 3 விழுக்காட்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா? ஆயோஃபி சொல்லும் முறை இதைவிடத் தெளிவானது. நிறுவனத்தின் தடுக்கப்பட்ட வருமானத்தை மொத்தப் பங்குகளால் வகுத்து, நம்மிடமுள்ள பங்குகளால் பெருக்க வேண்டும். டிவிடெண்ட் கைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அதை அகற்ற வேண்டும். நிதி நிறுவனம் இதை நமக்காகச் செய்துவிடுகிறது என்று தானாக எண்ணிக்கொள்ளாதீர்கள், திட்ட ஆவணத்தைப் பாருங்கள்.

மூட்டையில் பல நிறுவனங்கள் இருக்கும்போது தனி ஒருவரால் இதை முடிக்க முடியுமா என்றால், சிரமம்தான். ஆனால் ஒரே இ.டி.எஃப்.பை வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு யூனிட்டுக்கான தொகை ஒன்றேதான். மஹல்லாவில் பி.காம். படித்த பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! ஆண்டறிக்கைகளைப் பார்த்து ஒருவர் கணக்கிட்டால் ஊருக்கே உதவும். அந்தத் தொகையை ஸவாபை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதை ஜகாத்தில் கழிக்கக் கூடாது.

ஜகாத் தனி. விலை ஏறியதும் விற்கும் எண்ணத்தில் வாங்கியிருந்தால், ஆண்டு நிறைவில் சந்தை மதிப்பு முழுவதற்கும் இரண்டரை விழுக்காடு. நீண்ட காலம் வைத்திருப்பவருக்கு, நிறுவனங்களின் ரொக்கம், பாக்கி, சரக்கு ஆகியவற்றில் தம் பங்குக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்ற கருத்தும் இருக்கிறது. கணக்குப் பார்க்க முடியாதவர் முழு மதிப்புக்கும் கொடுத்துவிடுவது பேணுதல்.

ஹலால் என்பது ஒன்று, அந்த முதலீடு நமக்குத் தோதானதா என்பது வேறொன்று. வங்கிகளை எடுத்துவிட்டால் மூட்டையில் மிஞ்சுவது குறைவு. இன்ஃபோசிஸ், டி.சி.எஸ்., இந்துஸ்தான் யூனிலீவர் போன்ற சில பெயர்களே கனமாக உட்கார்ந்திருக்கும். ஐ.டி. சரிந்தால் மூட்டையும் சரியும். 2022-இல் நிஃப்டி 50 சுமார் 4 விழுக்காடு ஏறியது. அதே ஆண்டில் நிஃப்டி ஐ.டி. குறியீடு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இறங்கியது. மைத்துனருக்குச் சம்பளமே ஐ.டி.யிலிருந்துதான் வருகிறது, சேமிப்பும் அங்கேயே போனால் வேலையும் சேமிப்பும் ஒரே நாளில் அடிபடலாம். மிளகு வியாபாரிக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவருடைய ஆபத்தெல்லாம் மிளகு விலையிலும் மழையிலும் இருக்கிறது. ஒரே இ.டி.எஃப்., இருவருக்கும் பொருத்தம் ஒன்றல்ல.

அடுத்தது வாங்கல் விற்றல். ஷரியா பீஸில் அன்றாடம் கைமாறும் யூனிட்டுகள் நிஃப்டி பீஸைப் போல அதிகமில்லை. ஆள் குறைந்த சந்தையில் விலை எப்படி இருக்கும் என்று சோளக்காடு சந்தைக்குப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டாம். உதாரணத்துக்கு, ஒரு யூனிட்டின் உள்மதிப்பு 500 ரூபாய். விற்பவர் 512 கேட்கிறார், வாங்குபவர் 492-க்கு மேல் தரமாட்டேன் என்கிறார். அவசரப்பட்டு 512-க்கு வாங்கி, அவசரத்தில் 492-க்கு விற்றால் சந்தை அசையாமலேயே ஏறத்தாழ 4 விழுக்காடு போய்விட்டது. ஆண்டுச் செலவு ஒரு விழுக்காட்டுக்குள்தான் என்று மகிழ்ந்ததற்கு அர்த்தமில்லை. அந்த நேரத்து உள்மதிப்பை நிதி நிறுவனத்தின் தளம் காட்டும். அதைப் பார்த்துவிட்டு, ‘மார்க்கெட் ஆர்டர்’ போடாமல், விலையை நாமே எழுதும் ‘லிமிட் ஆர்டர்’ போடுங்கள். செயலி “மார்ஜினில் வாங்குங்கள்” என்று ஆசை காட்டும். அது வட்டிக் கடன். காலையில் வாங்கி, யூனிட் கணக்கில் வந்து சேருமுன் மாலையில் விற்பதும் வேண்டாம். கைவசம் வராததை விற்கக் கூடாது என்ற சட்டம் இங்கும் உண்டு.

டீமேட் கணக்கு, ஆர்டர் எல்லாம் தலைவலி என்பவருக்கு டாடா எத்திகல், டாரஸ் எத்திகல் என்ற மியூச்சுவல் ஃபண்டுகள் இருக்கின்றன. இவை இ.டி.எஃப். அல்ல. நிதி நிறுவனமே யூனிட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வதால் சந்தையில் ஆள் தேட வேண்டியதில்லை. ஆனால் செலவு விகிதம் கூடுதல்.

தங்க இ.டி.எஃப். பற்றியும் கேட்டார். 2007 முதல் இந்தியாவில் இருக்கிறது. பெரும்பகுதி உண்மையான தங்கக் கட்டிகள்தாம். தங்கத்தைப் பணத்துக்கு வாங்கும்போது கைக்குக் கை மாற வேண்டும் என்ற நிபந்தனை, மறுநாள் கணக்கு முடியும் பங்குச் சந்தையில் நிறைவேறுகிறதா என்பதில் உலமாக்களிடையே பேச்சு உண்டு. ஒரு பகுதியை வங்கித் தங்க வைப்புத் திட்டத்தில் வைக்கவும் விதி இடம் தருகிறது, அங்கே வட்டி வந்துவிடும். நான் யாருக்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை. அரசின் தங்கப் பத்திரமோ வெளிப்படையாக 2.5 விழுக்காடு வட்டி தருவது.

இத்தனை சிக்கல் எதற்கு, நம்மவர் ஒருவரிடமே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அவருடைய கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் அதைத்தான் சொன்னார். 2019 ஜூனில் பெங்களூருவில் ஐ.எம்.ஏ. சரிந்ததை நினைவுபடுத்தினேன். ‘ஹலால் முதலீடு’ என்று நம்பி ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் மகளின் திருமணப் பணத்தையும் ஹஜ்ஜுக்கான பணத்தையும் கொடுத்திருந்தன. அங்கே மூட்டையைத் திறந்து பார்க்க வழியே இல்லை, மாதாமாதம் பணம் வந்ததே அத்தாட்சியாக இருந்தது. இ.டி.எஃப்.பில் நஷ்டம் வரலாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை யாரும் எப்போதும் பார்க்கலாம்.

“சரி ஹஜ்ரத், எவ்வளவு போடலாம்?” என்றார். திருப்பிக் கேட்டேன், கடன் ஏதும் இருக்கிறதா என்று. கொஞ்சம் தயங்கி, மனைவியின் நகை அடகில் இருப்பதைச் சொன்னார். மாதம் பிறந்தால் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்! முதலில் அதை மீட்கச் சொன்னேன். அடுத்த பருவக் கொள்முதலுக்கான பணத்தையும், இரண்டு வருடத்தில் வரும் மகளின் கல்லூரிக் கட்டணத்தையும் தொடக் கூடாது. ஐந்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாத பணம் என்று எது மிஞ்சுகிறதோ, அதைப் பற்றி மட்டும் யோசிக்கலாம். அதையும் ஒரே நாளில் போடாமல் பல தவணையாக.

புறப்படும்போது இன்னொன்றும் கேட்டார். கணக்கு திறக்கும்போது நாமினியாக மனைவி பெயரைக் கொடுத்தால் எல்லாம் அவருக்குத்தானே போகும்? இல்லை. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர் மட்டுமே. வாரிசுரிமைச் சட்டப்படிதான் அது பங்கிடப்பட வேண்டும் என்று பங்குகள், மியூச்சுவல் ஃபண்டுகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. நமக்கு அது ஃபராயிழ் கணக்கு. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதி மற்ற வாரிசுகளுக்கு. அவர் உடனே கடைக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். தம் தாயாரின் பெயரை முதலில் எழுதினார், பிறகு மனைவி, மூன்று பிள்ளைகள். கணக்கு எண் எழுத ஒரு வரியைக் காலியாக விட்டார்.