நரம்பின் தூதன்

என் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. தரையில் பாய் விரித்துப் பாட்டியின் அருகில் படுத்திருந்தவனைக் கட்டுவிரியன் தீண்டிவிட்டது என்ற செய்தி பிறகுதான் வந்தது. தீண்டியது அவனுக்கே தெரியாது. விடியற்காலையில் வயிற்றை வலிக்கிறது என்று எழுந்தான். இராத்திரி உண்டது ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று எண்ணிப் பாட்டி ஓமக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். சிறிது நேரத்துக்கெல்லாம் இமைகள் தாமாகவே கவிந்தன, பேச்சுக் குழறிற்று, கஷாயம் தொண்டைக்குள் இறங்காமல் கடைவாயில் வழிந்தது. ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்ப்பதற்குள் மூச்சும் தேய்ந்து போயிற்று. உறவினர் அழத் தொடங்கிவிட்டார்கள். டாக்டர்களோ தொண்டைக்குள் குழாயைச் செலுத்தி, யந்திரத்தைக் கொண்டு அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தார்கள். ஐந்தாம் நாள் ஒரு விரல் அசைந்தது.

ஒரு மாதம் கழித்து வகுப்புக்குத் திரும்பிய அந்தப் பையன், மணி அடித்த பிறகும் போகாமல் என் மேஜையருகே நின்றான்.

"ஸார், அவர்கள் அழுததெல்லாம் எனக்குக் கேட்டது. அத்தை யார் யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டதுகூடக் கேட்டது. நான் இருக்கிறேன் என்று சொல்லப் பார்த்தேன். கண்ணைத் திறக்க முடியவில்லை; விரலைக்கூட அசைக்க முடியவில்லை. மூளை நன்றாகத்தானே இருந்தது? கையும் நன்றாகத்தானே இருந்தது? பின்னே நடுவிலே என்ன ஆச்சு, ஸார்?"

இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். இவ்வளவு சரியான கேள்வியை நான் அதிகம் கேட்டதில்லை. "நடுவிலே என்ன?" என்பதுதான் ஐரோப்பாவின் பெரிய பெரிய சரீர சாஸ்திரிகள் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்ட விஷயம்.

நாம் படித்த பாடப் புத்தகங்களில் நரம்பைத் தந்திக் கம்பிக்கு ஒப்பிட்டிருப்பார்கள். நம் நாட்டில் தந்தி 2013-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. உவமை மட்டும் இன்னும் நிற்கிறது. அது முழுவதும் தவறன்று. போலோன்யா நகரத்துக் கல்வானி, செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டுத் துடிப்பதைக் கண்டு 1791-இல் உலகத்துக்கு அறிவித்தார். ஆனால் கம்பியில் மின்சாரம் ஓடும் வேகம் வேறு, நரம்பில் செய்தி ஓடும் வேகம் வேறு. 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் தவளையின் நரம்பில் அதை அளந்து பார்த்தார். விநாடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர்தான் தேறிற்று. மனித உடலின் பருத்த நரம்பிழைகளில் அது 100 மீட்டரையும் தாண்டும் என்று இன்று அறிவோம். அப்போதும் கம்பியோடு போட்டியிட முடியாது.

காரணம், நரம்பில் மின்சாரம் ஒரு முனையில் புகுந்து மறு முனையில் வெளிவருவதில்லை. வாணத்தின் திரியில் நெருப்புப் பற்றிக்கொண்டு போகிறதல்லவா, அதுபோல. ஓய்வாயிருக்கும் நரம்பிழையின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் ஒரு வோல்ட்டில் பதினாலில் ஒரு பங்கு மின்னழுத்த வித்தியாசம் இருக்கிறது. செய்தி வரும்போது இழையின் சவ்வில் வாசல்கள் திறந்து, ஸோடியம் அயனிகள் வெளியிலிருந்து உள்ளே பாய்கின்றன. அந்த இடத்தின் கிளர்ச்சி அடுத்த இடத்தின் வாசல்களைத் திறக்கிறது, அது அதற்கடுத்ததை. எரிந்த திரி சாம்பலாகிவிடும். நரம்போ ஆயிரத்தில் சில பங்கு விநாடியில் மறுபடி தயாராகிவிடுகிறது. கணவாய் மீனின் உடலிலுள்ள ஒரு மில்லிமீட்டர் வரை பருத்த நரம்பிழையில் இதை அளந்து, 1952-இல் கணக்கிட்டுக் காட்டியவர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும்.

ஆனால் திரி எங்கேயாவது முடிய வேண்டுமே! முடிந்த இடத்தில் என்ன?

முடிவதே இல்லை என்றார் இத்தாலியரான கோல்ஜி. மூளை முழுவதும் ஒரே வலை, எல்லா இழைகளும் ஒன்றோடொன்று ஒட்டியவை என்பது அவருடைய கட்சி. வெள்ளி உப்பைக் கொண்டு நரம்பணுக்களுக்குக் கறுப்பேற்றும் முறையை 1873-இல் கண்டுபிடித்தவர் அவரேதான். அவருடைய சாயத்தையே வாங்கி, அவர் கொள்கையை அவருக்கே பொய்யாக்கிக் காட்டியவர் ஸ்பெயின் தேசத்து ரமோன் இ காஹால். சிறு வயதில் ஓவியனாக வேண்டுமென்று துடித்த அவர், பூதக்கண்ணாடியில் கண்டதையெல்லாம் தம் கையாலேயே வரைந்து வைத்தார். ஒவ்வொரு நரம்பணுவும் தனிப் பிரஜை. ஒன்றின் கிளை மற்றொன்றின் அருகே போய் நிற்கிறதேயன்றி அதனுள் கலப்பதில்லை என்றார். 1906-இல் நோபல் பரிசை இருவருக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்தார்கள். ஒரே மேடையில் பரிசு பெற்ற கோல்ஜி, பரிசுப் பிரசங்கத்திலேயே காஹாலின் கொள்கையைத் தாக்கிப் பேசினார். பெரியவர்களும் நம்மைப் போன்றவர்களே என்பதில் எனக்கு ஒரு சிறு ஆறுதல்!

அணுக்கள் சந்திக்கும் அந்த இடத்துக்கு 'ஸினாப்ஸ்' என்று 1897-இலேயே ஷெரிங்டன் என்ற ஆங்கிலேயர் பெயர் சூட்டிவிட்டார். பெயர் வந்ததே தவிர, இடைவெளியைக் கண்ணால் கண்டவர் எவரும் இல்லை. 1950-களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகே அது தெரிந்தது. அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு ஒடுங்கிய சந்தை மின்சாரம் ஒரு பொறியாகத் தாவிவிடும் என்றனர் ஒரு சாரார். இல்லை, ஏதோ ஒரு ரசாயனப் பொருள் கசிந்து அக்கரை சேருகிறது என்றனர் மற்றொரு சாரார். முன்னவரைப் 'பொறிக்காரர்' என்றும் பின்னவரை 'ரசக்காரர்' என்றும் ஆராய்ச்சிசாலைகளில் கேலியாக அழைத்தார்கள்.

ரசக்காரர்களுக்கு வெற்றி தேடித் தந்தது ஒரு கனவு.

ஆட்டோ லோவி என்பவர் 1873-இல் பிராங்க்பர்ட்டில் பிறந்த யூதர். சித்திரக் கலையின் வரலாற்றைப் படிக்க ஆசைப்பட்டு, வீட்டார் விருப்பத்துக்காக வைத்தியம் படித்தவர். ஆஸ்திரியாவில் கிராட்ஸ் சர்வகலாசாலையில் மருந்தியல் பேராசிரியராக இருந்தார். ஒரு நாள் இரவு உறக்கத்தில் ஒரு பரிசோதனை அவருக்குத் தோன்றிற்று. விழித்து, விளக்கைப் போட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவிட்டு மறுபடி படுத்துவிட்டார். காலையில் எழுந்து பார்த்தால் தம் கையெழுத்தைத் தம்மாலேயே படிக்க முடியவில்லை! அந்தப் பகல் அவருக்கு எவ்வளவு நீண்ட பகலாக இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே கனவு திரும்ப வந்தது. இம்முறை காகிதத்தை நம்பவில்லை. நேரே ஆராய்ச்சிசாலைக்குப் போனார்.

இரண்டு தவளைகளின் இருதயங்களை எடுத்துக்கொண்டார். தவளையின் இருதயம் உடலை விட்டு எடுத்த பின்னும், தக்க உப்பு நீரில் வைத்தால் நெடுநேரம் துடிக்கும். ஒன்றில் நரம்பை அப்படியே விட்டிருந்தார், மற்றொன்றில் நீக்கியிருந்தார். இருதயத்தின் ஓட்டத்தைத் தணிக்கும் 'வேகஸ்' என்ற நரம்பை முதல் இருதயத்தில் மின்சாரத்தால் தூண்டினார். துடிப்பு மெதுவாயிற்று, அது எவரும் அறிந்ததே. பிறகு அந்த இருதயத்தில் நிறைந்திருந்த உப்பு நீரை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இருதயத்தில் விட்டார். தன்னை எந்த நரம்பும் தொடாதிருக்க, அதுவும் மெதுவாகத் துடிக்கத் தொடங்கியது! துடிப்பைத் துரிதப்படுத்தும் நரம்பைத் தூண்டி, அந்த நீரை விட்டபோது இரண்டாவதும் துரிதமாயிற்று. நரம்பின் செய்தி நீரில் கரைந்திருந்தது. ஆகவே, அது ஒரு பொருள்தான்.

1921-இல் இந்த ஆராய்ச்சி அச்சேறியது. எல்லோரும் நம்பிவிடவில்லை, வேறிடங்களில் செய்து பார்த்தவர்கள் சிலருக்குச் சரியாக வரவும் இல்லை. 1926-இல் ஸ்டாக்ஹோம் மகாநாட்டில் லோவி சபையோர் முன்னிலையிலேயே இதைப் பதினெட்டு தடவை செய்து காட்டினார். பகலில் உட்கார்ந்து நிதானமாக யோசித்திருந்தால் இதைச் செய்தே இருக்க மாட்டேன் என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். இம்மியளவே சுரக்கும் பொருள் நீரில் மிச்சப்பட்டு வெளிவரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

அந்தப் பொருள் அஸிடைல்கோலின். லோவியின் பழைய நண்பரான லண்டன் ஹென்றி டேல் அதன் குணங்களை 1914-இலேயே ஆராய்ந்து, பிற்பாடு அது விலங்குகளின் உடலில் இயல்பாகவே இருப்பதையும், கை கால் தசைகளை ஏவுவதும் அதுவே என்பதையும் தம் சகாக்களோடு நிரூபித்தார். நண்பர்கள் இருவருக்கும் 1936-இல் நோபல் பரிசு.

இரண்டே வருஷத்தில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவில் புகுந்தது. 1938 மார்ச்சில் ஓர் இரவு ஆயுதம் தாங்கியவர்கள் லோவியின் வீட்டுக்குள் வந்து, அறுபத்துநான்கு வயதான அவரைச் சிறைக்கு இழுத்துப் போனார்கள். அன்றிரவே தம்மைக் கொன்றுவிடுவார்கள் என்று எண்ணினார் அவர். கடைசியாகச் செய்த பரிசோதனையின் முடிவு தம்மோடு அழிந்து போகுமே என்பதுதான் அப்போது அவருடைய கவலை. காவலாளியிடம் கெஞ்சி ஒரு தபால் கார்டும் பேனாவும் வாங்கி, முடிவைச் சுருக்கமாக எழுதி ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பச் செய்தார். கார்டு தபாலில் சேர்ந்தது என்று அறிந்த பிறகே மனம் நிம்மதியடைந்தது. சில வாரங்களுக்குப் பின் விடுதலை கிடைத்தது. அதற்கு விலை, ஸ்டாக்ஹோம் பாங்கியில் இருந்த நோபல் பரிசுப் பணம் முழுவதையும் நாஜிகளின் பாங்கிக்கு மாற்றிக் கொடுப்பது. வெறுங்கையோடு நாட்டை விட்டு வெளியேறி, 1940-இல் அமெரிக்கா சேர்ந்து, 1961-இல் நியூயார்க்கில் காலமானார்.

பொறிக்காரர்களின் தலைவரான ஜான் எக்கிள்ஸ் நெடுநாள் விட்டுக்கொடுக்கவில்லை. 1951-இல் நியூஜீலாந்தில் தம் பரிசோதனையே தம் கட்சிக்கு எதிராகச் சாட்சி சொன்னபோது, தோல்வியை ஒப்புக்கொண்டு எதிர்க்கட்சியில் சேர்ந்துகொண்டார். பொறியும் முழுப் பொய்யன்று. மின்சாரம் நேராகவே தாண்டும் ஸினாப்ஸ்கள் சில உண்டென்று அதே பத்தாண்டுகளில் ஒரு வகை நன்னீர் இறாலில் கண்டார்கள்.

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். நரம்பின் நுனியில் மிக நுண்ணிய பைகள் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு பையிலும் ஆயிரக்கணக்கான அஸிடைல்கோலின் மூலக்கூறுகள். செய்தி நுனியை எட்டியதும் கால்ஸியம் உள்ளே புகுகிறது. பைகள் சுவரோடு ஒட்டி வாய் பிளந்து சரக்கை இடைவெளியில் கொட்டுகின்றன. அக்கரையில் தசையின் மேல் அதற்கென்றே அமைந்த பூட்டுகள் இருக்கின்றன. சாவி பொருந்தியதும் தசை சுருங்குகிறது. உடனே மற்றொரு பொருள், என்ஸைம் என்ற வகையைச் சேர்ந்தது, கிடக்கும் சாவிகளையெல்லாம் முறித்துத் துப்புரவு செய்கிறது. எல்லாம் ஆயிரத்தில் சில பங்கு விநாடிக்குள். பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்துகளில் பல இந்தத் துப்புரவுக்காரனைத்தான் கொல்கின்றன. குடித்தவர்களுக்கு எச்சில் பெருகி, தசைகள் துடித்து, கண்மணி சுருங்குவது, செய்தி வராததால் அன்று. வந்த செய்தி ஓயாததால்.

நல்ல பாம்பின் விஷம் தசையின் பூட்டுகளில் போய் அடைத்துக்கொள்கிறது. கட்டுவிரியன் அதோடு நிற்பதில்லை. இக்கரைக்கே வந்து நரம்பு நுனிகளையும் அழிக்கிறது. பைகள் தீர்ந்து, அனுப்பத் தூதனே இல்லாமற் போகிறான். மூளை கட்டளை இடுகிறது, திரி கடைசி வரை எரிகிறது, கையும் காத்திருக்கிறது. நடுவில் அந்த நுண்ணிய இடைவெளி மட்டும் கடக்க முடியாத கடலாகிவிடுகிறது. விஷம் மூளைக்குள் எளிதில் புகாது. காதின் செய்தியை ஏந்தும் தூதனும் வேறு. ஆகையால் அத்தையின் பேச்சுக் கேட்டது. இருதயமும் நிற்கவில்லை. அஸிடைல்கோலின் கையிடம் "சுருங்கு" என்கிறது, இருதயத்திடம் "மெல்ல" என்கிறது. தூதன் ஒருவனே ஆனாலும் பூட்டு வேறு. கைப் பூட்டை அடைக்கும் விஷம் இருதயப் பூட்டில் பொருந்துவதில்லை.

தைவானில் 1963-இல் சாங், லீ என்ற இருவர் அந்நாட்டுக் கட்டுவிரியனின் விஷத்திலிருந்து இந்த நஞ்சுகளைப் பிரித்தெடுத்தார்கள். பூட்டை இறுகப் பற்றும் அந்த நஞ்சையே தூண்டிலாகப் போட்டுத்தான், மின்சாரத் திருக்கை மீனின் உடலிலிருந்து பூட்டுகளையே விஞ்ஞானிகள் பிற்பாடு வெளியே எடுத்தார்கள்.

விஷமுறிவு மருந்து இரத்தத்தில் மிதக்கும் விஷத்தை அடக்கும். அழிந்துபோன நுனியை மீட்காது. அதனால்தான் அதை விரைவில் ஏற்ற வேண்டும். நுனிகள் புதிதாக முளைத்தே தீர வேண்டும், முளைக்கவும் செய்கின்றன. அதுவரைக்கும் யாராவது மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இவ்வளவையும் கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னேன். பையன் நெடுநேரம் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்படியானால் அந்த ஐந்து நாளில் எனக்குப் புது நரம்பு முளைத்ததா, ஸார்?" என்றான். நுனி மட்டும் என்றேன். அவன் இப்போது கட்டிலில் கொசுவலையை நாலு பக்கமும் மெத்தைக்கடியில் செருகிக்கொண்டு படுக்கிறான். பாட்டிதான் இன்னும் கட்டிலில் ஏற மறுக்கிறாளாம். வலையையாவது தரையில் கட்டி, பாய்க்கடியில் செருகிவிடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.