எழுதுகோல் யார் பக்கம் நிற்பது?



செய்தியாளன் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு விலகி நிற்க வேண்டியவனா? அல்லது பாதிக்கப்பட்டோருக்காகக் குரல் கொடுக்க வேண்டியவனா? இதழியலில் இது நெடுநாளைய வழக்கு. நடுநிலைமையே செய்தியின் உயிர் என்பர் ஒரு சாரார். அடிப்பவனுக்கும் அடிபடுபவனுக்கும் நடுவே நின்று வேடிக்கை பார்ப்பது நடுநிலைமை ஆகாது என்பர் மறுசாரார். பொஸ்னியப் போரை நேரிற் கண்ட பி.பி.சி. செய்தியாளர் மார்ட்டின் பெல், அறிவதோடு அக்கறையும் கொள்ளும் இதழியலே வேண்டும் என்று 1990களில் வாதிட்டபோது இவ்வழக்கு மீண்டும் சூடுபிடித்தது.

தமிழுக்கு இது புதிதன்று. 1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர், விதவை மறுமணத்தை ஆதரித்து எழுதியதோடு நின்றுவிடவில்லை. 1889இல் விதவையான தம் மகளுக்கே மறுமணம் செய்துவைத்தார். 1908இல் அரசநிந்தனைக் குற்றச்சாட்டில் கைதானார். 1904இல் அவரது பத்திரிகையிற் சேர்ந்துதான் பாரதியாரும் இதழியல் பயின்றார். இவர்களுக்கு எழுத்து வேறு, செயல் வேறு அல்ல.

ஆயினும் சார்பு என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. துன்பப்படும் மக்களைச் சார்வது ஒன்று. அதிகாரத்தை, அது எவருடைய அதிகாரமாயினும், சார்வது மற்றொன்று. இரண்டாவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ருவாண்டா காட்டியது. 1994இல் அங்கு ஒரு வானொலி தன் இனத்தின் காவலன் என்று சொல்லிக்கொண்டே அயலவரைக் கொல்லத் தூண்டியது. அந்த வானொலியையும் ஒரு பத்திரிகையையும் நடத்திய மூவரை, 2003இல் சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் குற்றவாளிகளாகக் கண்டது. வானொலியில் பேசுகின்ற எவரும் மறக்கக்கூடாத தீர்ப்பு அது.

முதலாவது சார்பு எப்படிப்பட்டது? அதற்கான உரைகல் நமது வன்னி மண்ணிலேயே உண்டு. சண்டே டைம்ஸ் செய்தியாளர் மேரி கொல்வின் 2001இல் அரச அனுமதியின்றி வன்னிக்குள் வந்தார். ஏறத்தாழ ஆறு ஆண்டுகளாக வெளிநாட்டுச் செய்தியாளர் எவரும் காலடி வைக்காதிருந்த நிலம் இது. மருந்து, எரிபொருள், சீமெந்து, பற்றரி என்று தடைப்பட்டியல் நீண்டிருந்த காலம். அந்த வாழ்வை அவர் பிறர் வாய்க்கேட்டு எழுதவில்லை, வந்து பார்த்தார். ஏப்ரல் 16 இரவு, இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் கடக்க முயன்றபோது படையினரின் தாக்குதலிற் காயமுற்றார். தாம் ஒரு செய்தியாளர் என்று உரத்துக் கூவியும் பயனில்லை. இடது கண்ணின் பார்வை போயிற்று. பின்னாளில் உலகம் அறிந்த அந்தக் கறுப்புக் கண்மறைப்பு வன்னி தந்த தழும்பாகும்.

2009 மே மாதத்தில் அவர் பங்கு இன்னும் சிக்கலானது. முள்ளிவாய்க்காலில் இருந்து பா. நடேசனும் சீ. புலித்தேவனும் செய்மதித் தொலைபேசியில் அவரை அழைத்தனர். சரணடைய விரும்பும் செய்தியை அவர் ஐ.நா. அதிகாரி விஜய் நம்பியாருக்கு எடுத்துச் சென்றார். செய்தி எழுதுபவர் தூது செல்பவரானார். மே 18இல் அவ்விருவரும் கொல்லப்பட்டனர். சரணடைந்தோரைக் கொன்றதான குற்றச்சாட்டை அரசு மறுத்தது.

இது இதழியலின் எல்லையைத் தாண்டிய செயலா? ஏட்டு இலக்கணப்படி ஆம் எனலாம். ஆனால் உயிர்கள் கேட்கும்போது, நான் வெறும் செய்தியாளர் என்று தொலைபேசியை வைத்துவிட முடியுமா? வேறொன்றையும் கவனிக்க வேண்டும். தாம் யாருடன் எப்போது என்ன பேசினார் என்பதை அவர் மறைக்காமல் அதே மாதம் எழுதினார். தூது தோற்றது, பதிவு சாட்சியமாக நின்றது. வெள்ளைக்கொடி விவகாரம் எனப்படும் இவ்விடயத்தை 2011, 2015ஆம் ஆண்டுகளின் ஐ.நா. அறிக்கைகள் ஆராய்ந்தன. கொல்வினோ 2012 பெப்ரவரி 22இல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் எறிகணை வீச்சிற் பலியானார்.

வந்து போனவருக்கே இந்த விலையென்றால், இங்கேயே வாழ்ந்து எழுதியோரின் நிலை என்ன? செய்தியாளர் பு. சத்தியமூர்த்தி 2009 பெப்ரவரி 12இல் வன்னியில் எறிகணைக்குப் பலியானார். அந்நாட்களில் வைத்தியசாலைகள் மீது அரசபடையின் எறிகணைகள் வீழ்ந்ததையும், மக்கள் வெளியேறுவதைப் புலிகள் தடுத்ததையும் 2011இன் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை சேர்த்தே சொல்கிறது. மக்களைச் சார்பவனுக்கு இரண்டையும் எழுதும் கடமை உண்டு. ஒன்றை மட்டும் எழுதுபவன், தான் அறியாமலே அதிகாரம் ஒன்றின் எழுத்தராகி விடுகிறான்.

போர் முடிந்ததோடு இக்கேள்வி முடியவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினர். 2020 ஒக்ரோபரில் முல்லைத்தீவு முறிப்பில், மரக்கடத்தலைப் பற்றிச் செய்தி சேகரிக்கச் சென்ற இரு செய்தியாளர்கள் தாக்கப்பட்டனர்.

கண்ணீர் வடிக்கும் தாயைப் படம்பிடிப்பது எளிது. அவர் மகன் எந்தத் திகதியில், எந்த இடத்தில், யார் கண்முன்னே, எவரிடம் ஒப்படைக்கப்பட்டான் என்று கேட்டுக் குறித்து, மறுபடியும் சரிபார்ப்பது கடினம். அந்தத் தாயின் வழக்கு என்றோ ஒருநாள் விசாரணைக்கு வருமாயின், அங்கே எடுபடப்போவது நமது உருக்கமான சொற்களல்ல; திகதியும் இடமும் பெயருமே.