பிரேக் போட்டால் சீக்கிரம் வருமா?

முப்பத்திரண்டு கோடி டாலருக்கு மேல் செலவழித்து ஒரு திட்டம். அதற்காக ஒரு விண்கலத்தைச் செய்தார்கள். பத்து மாதம் விண்வெளியில் ஓட்டினார்கள். கடைசியில் அதை வேண்டுமென்றே ஒரு பாறையில் மோதி நொறுக்கினார்கள். நொறுங்கியதும் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்!

இது நடந்தது 2022 செப்டம்பர் 26 அன்று. நம் கடிகாரத்தில் அப்போது மறுநாள் விடியற்காலை 4.44 மணி. விண்கலத்தின் பெயர் டார்ட். அனுப்பியது அமெரிக்காவின் நாசா. பூமியை நோக்கி ஒரு சிறுகோள் வந்தால் அதை வழியிலேயே விலக்கிவிட முடியுமா என்று மனிதர்கள் முதன்முதலாகச் சோதித்துப் பார்த்தது அன்றுதான்.

விலக்குவது எதற்கு, வெடி வைத்துத் தகர்த்துவிடலாமே? சினிமாவில் அப்படித்தான் செய்வார்கள், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் உடைந்த துண்டுகள் எங்கே போகும்? அவற்றில் பலவும் பழைய பாதையிலேயே வந்துகொண்டிருக்கும். ஒரு பெரிய பாறைக்குப் பதிலாக நூறு பாறைகள் வந்து விழுந்தால் நமக்கு என்ன லாபம்?

விலக்குவதற்கோ அவ்வளவு பெரிய பலம் தேவையில்லை. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பூமியின் விட்டம் சுமார் 12,742 கிலோமீட்டர். அப்படியானால் தன் அகலத்தைத் தானே கடக்க அதற்கு ஏழு நிமிடம் போதும். நம் பாதையைக் குறுக்கே வெட்ட வரும் சிறுகோள் ஒன்றை ஏழு நிமிடம் தாமதமாக வரச் செய்துவிட்டால், அது வரும்போது பூமி அந்த இடத்தில் இருக்காது. பத்து ஆண்டுகளுக்கு முன்பே அதன் வேகத்தை நொடிக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் மாற்றினால்கூட, நேர்க்கோட்டுக் கணக்கில் 3,150 கிலோமீட்டர் விலகல் கிடைக்கும். சுற்றுப்பாதையில் ஓடும் பொருளுக்கு இது இன்னும் கூடி, ஏறக்குறைய மூன்று மடங்காகும். காகிதம் எடுத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஓர் ஆண்டில் சுமார் 3 கோடியே 15 லட்சம் நொடிகள்.

டார்ட் மோதிய பாறையின் பெயர் டைமார்போஸ். அகலம் சுமார் 160 மீட்டர். அது தனியாக இல்லை. டிடிமோஸ் என்ற, கிட்டத்தட்ட 780 மீட்டர் அகலமுள்ள சிறுகோளைச் சுற்றிவரும் குட்டி நிலா அது. இரண்டுக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம்தான். (இந்த இரண்டாலும் பூமிக்கு அன்றும் ஆபத்து இல்லை, இன்றும் இல்லை. பயப்பட வேண்டாம்.)

இலக்காக நிலாவைத் தேர்ந்தெடுத்ததில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சூரியனைச் சுற்றும் தனிப் பாறை ஒன்றை முட்டியிருந்தால், அதன் பாதை மாறியதா என்று அறிய ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டைமார்போஸோ 11 மணி 55 நிமிடத்துக்கு ஒருமுறை டிடிமோஸைச் சுற்றிவந்துவிடும். அது டிடிமோஸுக்கு முன்னாலும் பின்னாலும் போகும் ஒவ்வொரு முறையும், பூமியிலிருந்து தெரியும் வெளிச்சம் லேசாக மங்கும். தொலைநோக்கியை வைத்துக்கொண்டு அந்த மங்கலுக்கு நேரம் குறித்துவந்தால் போதும். மாற்றம் சில நாட்களிலேயே பிடிபட்டுவிடும்.

மோதல் நடந்த இடம் பூமியிலிருந்து சுமார் 1.1 கோடி கிலோமீட்டர் தொலைவில். அவ்வளவு தூரத்தில், நொடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் பாயும் கலத்தை இங்கிருந்து திருப்பித் திருப்பி ஓட்ட முடியாது. ஆகவே கடைசி நான்கு மணி நேரம் கலம் தன் கேமராவில் பார்த்துப் பார்த்துத் தானே வழி கண்டுபிடித்துப் போனது. டைமார்போஸ் தனிப் புள்ளியாக அந்தக் கேமராவுக்குத் தெரிந்ததே கடைசி ஒரு மணி நேரத்தில்தான்! இறுதியாக வந்த படங்களில் கற்களும் பாறைகளும் குவிந்து கிடந்தன. இத்தாலி செய்த ஒரு குட்டிச் செயற்கைக்கோள் சுமார் மூன்று நிமிடம் கழித்து அந்த வழியாகப் பறந்து, எழுந்த புழுதியைப் படம் எடுத்தது.

இப்போது எடையைப் பாருங்கள். டார்ட் சுமார் 580 கிலோ. டைமார்போஸ் 400 கோடி கிலோவுக்கும் மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். திருவாரூர் ஆழித்தேரை 300 டன் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தேர்மீது 40 கிராம் நெல்லிக்காய் ஒன்றை எறிந்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் இதுவும். நெல்லிக்காய் பட்டுத் தேர் நகருமா? நகராது. ஏனென்றால் தேரின் சக்கரங்கள் தரையை அழுத்திக்கொண்டு நிற்கின்றன. விண்வெளியில் தரையும் இல்லை, உராய்வும் இல்லை. அங்கே எவ்வளவு சிறிய தள்ளலும் வீண்போகாது.

அப்படியும் கலம் மட்டும் முட்டியதற்கு வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட மாறியிருக்காது. ஆனால் மாறியதோ சுமார் 2.7 மில்லிமீட்டர். மிச்சம் எங்கிருந்து வந்தது? மோதிய இடத்திலிருந்து பத்து லட்சம் கிலோவுக்கும் மேற்பட்ட புழுதியும் கல்லும் பின்பக்கமாகப் பீய்ச்சி அடித்தன. ராக்கெட்டிலிருந்து புகை ஒரு பக்கம் போக, ராக்கெட் மறுபக்கம் போகிறதல்லவா? அதே நியூட்டனின் மூன்றாம் விதிதான். முட்டியதைவிட, எழும்பிய குப்பைதான் பாறையை அதிகம் தள்ளியது.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். டார்ட் பின்னாலிருந்து மோதவில்லை, டைமார்போஸ் வரும் திசைக்கு எதிரே போய் முட்டியது. அதாவது பிரேக் போட்டது. வேகம் குறைந்தால் ஒரு சுற்றுக்கு நேரம் கூடத்தானே வேண்டும்? 2022 அக்டோபர் 11 அன்று நாசா அறிவித்த முடிவைப் பாருங்கள். சுற்றும் நேரம் 11 மணி 23 நிமிடமாகிவிட்டது. 32 நிமிடம் குறைவு! குறைந்தது 73 நொடி மாறினாலே வெற்றி என்றுதான் முன்பு வைத்திருந்தார்கள்.

பிரேக் போட்டது எப்படிச் சீக்கிரம் வந்தது? டைமார்போஸ் எப்போதும் டிடிமோஸை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பக்கவாட்டில் ஓடும் வேகம் இருப்பதால், விழுந்து முட்டாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த வேகம் சற்றுக் குறைந்ததும் ஈர்ப்பின் கை ஓங்கிவிட்டது. பாறை உள்ளே இழுபட்டது, சராசரியாகச் சுமார் 37 மீட்டர். உள்ளே விழ விழ வேகம் கூடும். வட்டமும் சிறியதாகிவிட்டது. ஓட வேண்டிய தூரம் குறைவு, ஓட்டம் அதிகம். சூரியக் குடும்பத்திலும் இதே கதைதான்: சூரியனுக்கு அருகில் உள்ள புதன் 88 நாளில் ஒரு சுற்று முடிக்கிறது, தூரத்து நெப்டியூனுக்கு 165 ஆண்டு வேண்டும்.

இவ்வளவு இருந்தும், வரும் பாறை முன்கூட்டியே கண்ணில் படாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் அகலமுள்ள கல் ஒன்று வெடித்தது. அது சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் முன்கூட்டியே யாரும் பார்க்கவில்லை. உடைந்த கண்ணாடி பட்டும் வேறு வகையிலும் ஏறக்குறைய 1,500 பேர் காயமடைந்தார்கள். அதனால்தான் வானத்தைத் துழாவிச் சிறுகோள்களைத் தேடும் வேலை இரவுதோறும் நடக்கிறது. நம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் ஆய்வகமும் ஒருகாலத்தில் ‘கல்கி’ என்ற பெயரில் இப்படித் தேடியது. 1988-இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்குக் கணித மேதை இராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள்.

டைமார்போஸின் உண்மையான எடையை இன்னும் யாரும் நேராக அளக்கவில்லை. மோதிய இடத்தில் பள்ளம் விழுந்ததா, அல்லது பாறையின் உருவமே மாறிப்போனதா? அதைப் பார்க்க ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 அக்டோபர் 7 அன்று ஹீரா என்ற கலத்தை அனுப்பியது. 2026-இன் கடைசியில் அது அங்கே போய்ச் சேரும் என்பது திட்டம். இந்த முறை மோத மாட்டார்கள், பக்கத்தில் நின்று அளந்து பார்ப்பார்கள்.