அழகிய பொறுமை

திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களுள் 12ஆவது, இறைத்தூதர் யூசுபின் பெயரால் அமைந்தது. அவருடைய வரலாற்றை 111 வசனங்களில் தொடர்ச்சியாகக் கூறும் அவ்வத்தியாயத்தில், யூசுபுக்கு நிகராக நம் கருத்தைக் கவர்பவர் அவர்தம் தந்தை யஅகூப்.

பொறாமை கொண்ட தமையன்மார் சிறுவன் யூசுபைக் கிணற்றில் தள்ளிவிட்டு, மாலையில் அழுதவாறு வீடு திரும்புகின்றனர். பொய்க்குருதி தோய்ந்த சட்டையைக் காட்டி, ஓநாய் தின்றுவிட்டது என்கின்றனர். தந்தை அதனை நம்பவில்லை. எனினும் அவர்களைச் சினந்து விரட்டாமல், அழகிய பொறுமையே தமக்குரியது என்கிறார். பொறுமையைக் குறிக்கும் ‘ஸப்ர்’ என்னும் அரபுச்சொல் இங்கு ‘அழகிய’ என்னும் அடைபெற்று வருகிறது.

ஆண்டுகள் பல கழிகின்றன. மற்றொரு மகனும் எகிப்தில் பிடித்துவைக்கப்பட்ட செய்தி வந்தபோது, அவர் மீண்டும் அதே சொல்லைக் கூறுகிறார். அடுத்த வசனத்திலேயே, மைந்தரைவிட்டு விலகி யூசுபை எண்ணி வருந்துகிறார். துயரத்தால் அவருடைய கண்கள் வெளுத்துப்போகின்றன. பொறுமையும் துயரமும் இவ்வாறு அருகருகே (12:83, 84) நிற்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். யூசுபையே நினைத்து அழிந்துபோவீர் என மைந்தர் கூறியபோது, தம் துயரை இறைவனிடம் மட்டுமே முறையிடுவதாக அவர் விடையளிக்கிறார். உடனே, இறையருளில் நம்பிக்கை இழவாமல் யூசுபைத் தேடுமாறு அவர்களை அனுப்பவும் செய்கிறார். துயரை மறுக்காமல், அதனை உரிய இடத்தில் முறையிட்டு, முயற்சியையும் கைவிடாதிருப்பதே இங்குப் பொறுமை எனப்படுகிறது.

மகிழ்ச்சியைப் பற்றிய குர்ஆனின் நோக்கும் இத்தகையதே. ‘ஃபரஹ்’ என்னும் சொல்லின் வேர், செல்வச் செருக்கால் காரூன் கொண்ட களிப்பைக் கடியும் இடத்திலும் (28:76), இறையருளை எண்ணி மகிழுமாறு பணிக்கும் இடத்திலும் (10:58) வருகிறது. உணர்ச்சி ஒன்றே, அது எதன்பொருட்டு எழுகிறது என்பதே அதன் தகுதியை வரையறுக்கிறது.

யூசுபின் உள்ளமும் உணர்ச்சியற்றதன்று. தமையன்மார் தம் முன்னிலையிலேயே தம்மீது திருட்டுப்பழி சுமத்தியபோது, அவர் அதனை மனத்துள் அடக்கிக்கொள்கிறார். பழிவாங்கும் ஆற்றல் கைவந்த நாளில் அவர்களை மன்னிக்கிறார். மன்னித்ததும் தம் சட்டையைக் கொடுத்துத் தந்தையிடம் அனுப்புகிறார். அது முகத்தில் இடப்பட்டதும் யஅகூபுக்குப் பார்வை மீள்கிறது. முன்னொரு நாள் பொய்ச்செய்தியைச் சுமந்துவந்ததும் யூசுபின் சட்டைதான்.