பழைய காருக்குப் புதிய ஸ்பிரிங்

கடன் கோரி வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, தேவை என்ன என்பதையே. பழைய காருக்கு ஸ்பிரிங் வாங்குவோரும் அதே கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அமெரிக்காவின் 1967ஆம் ஆண்டு செவ்ரோலே கமாரோ காரில், பின்அச்சைப் பக்கத்திற்கு ஒரே எஃகுப் பட்டை கொண்ட லீஃப் ஸ்பிரிங் தாங்கியது. எடையைச் சுமப்பதோடு, அச்சு முறுக்கிக்கொள்ளாமல் பிடிப்பதும் அதன் பணி. வலிய எஞ்சினை முழு விசையில் முடுக்கியபோது ஒற்றைப் பட்டை வளைந்து கொடுத்தது, சக்கரங்கள் துள்ளின. ஆகவே 1968இல் ஆற்றல் மிகுந்த வகைகளுக்குப் பல பட்டைகள் கொண்ட ஸ்பிரிங் பொருத்தப்பட்டது.

இதைக் கண்டு, கிடைப்பதிலேயே கடினமான ஸ்பிரிங்கை வாங்கிவிடலாகாது. அளவுக்கு மீறி விறைத்த ஸ்பிரிங், மேடுபள்ளமான சாலையில் சக்கரத்தின் பிடிமானத்தைக் குறைக்கும். வளைவுகளில் பின்பகுதி வழுக்கவும் கூடும். காரின் எடை, எஞ்சினின் விசை, ஓட்டும் சாலை ஆகிய மூன்றையும் கணித்தே தேர்ந்தெடுக்க வேண்டும். இரு பக்கமும் சேர்த்தே மாற்றுவதும், புஷ், யு-போல்ட், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றை உடன் சோதிப்பதும் முறை.

செய்யவிருக்கும் மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திற்கு முன்னதாகவே எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள். மறைத்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும் வேளையில் தடையாக எழக்கூடும்.